அடுத்தவர் கடலில் பத்து நாள்

கரீபியன் பகுதியிலுள்ள டொபாகோத் தீவின் கஸ்டாரா என்ற மீனவக் கிராமத்தில் நான் பத்து நாள் தங்கியிருந்ததைச் சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே நான்கு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த நான்கு வரியைப் பிடித்துக்கொண்டு இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களே இம்முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. மற்றவர்களின் கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் எங்கள் மகன் வருகிற பிப்ரவரியில் எங்கள் இருவரையும் நீங்கள் எழுதிய அதே கஸ்டாராவுக்குப் பத்து நாள் ஓய்வுக்கு அழைத்துப்போவதாகச் சொல்கிறான். என் கணவர் நாற்பது ஆண்டுகள் மீன் வியாபாரம் செய்தவர். "கடலைப் பார்க்கக் காசு கொடுத்துக் கடல் தாண்டிப் போவார்களா?" என்று சிரிக்கிறார். பிறந்த நாளிலிருந்து கடலோரத்தில் இருக்கும் எங்களுக்கு இன்னொரு கடற்கரையில் என்ன ஓய்வு கிடைத்துவிடும்?
— மண்டபம் வாசகி

பதில்: உங்கள் கணவர் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது, அம்மா. புதிதாக எதையாவது பார்க்கவேண்டும் என்பதற்காகப் போவதென்றால் அவருக்குக் கஸ்டாரா ஏமாற்றமாகவே இருக்கும். டொபாகோ ஏறக்குறைய நம் பூம்புகார் இருக்கும் அதே அட்சரேகையில் இருக்கிறது. ஆகவே வெயிலின் சூடும், ஆறு மணியையொட்டிச் சட்டென்று விழும் இருட்டும், கரையோரத் தென்னையும், நாட்டுவாதுமை மரமும், வேலியில் பூத்திருக்கும் செம்பருத்தியும் அவருக்குப் பழக்கமானவைதான். கண்ணுக்குப் புதியது கரைக்குப் பின்னால் எழும் மலை ஒன்றே. அந்தத் தீவின் முதுகெலும்பு போல ஓடும் மலைக்காட்டை, மழையை ஈர்த்துத் தரும் என்பதற்காகவே 1776ஆம் ஆண்டில் சட்டம் போட்டு வெட்டாமல் காத்திருக்கிறார்கள். கண்மாய் நிரம்புமா என்று ஐப்பசி முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் மாவட்டத்துக்காரனுக்கு அந்த ஒரு செய்தியே அரை நாள் யோசிக்கப் போதுமானது.

அங்கே உங்கள் கணவர் முதலில் அடையாளம் கண்டுகொள்ளப்போவது கரைவலையை. ஒரு படகு வலையோடு வளைந்து சென்று மீன் கூட்டத்தைச் சுற்றி வந்துவிட, கயிற்றின் இரண்டு முனைகளையும் கரையில் நிற்பவர்கள் பிடித்து இழுக்கிறார்கள். ஊரார் மட்டுமல்லாமல், தங்க வந்த விருந்தாளிகளும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கயிற்றில் கைவைக்கலாம். யாரும் தடுப்பதில்லை. இழுத்தவனுக்குப் பங்காக இரண்டு மீன் கொடுப்பதும் உண்டு. நம்மூர்க் கரைவலையில் இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டு நான் நின்ற அன்று அங்கே கேட்கவில்லை. ஆனால் மீன் சேர்ந்த வலையின் மடி கரையை நெருங்கும்போது எல்லோர் குரலும் ஒரே சமயத்தில் உயர்வது மட்டும் வேதாளையிலும் பெரியபட்டினத்திலும் நான் கேட்ட அதே குரல்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சொந்தக் கரையில் நம் கண் ஒருபோதும் ஓய்வதில்லை என்பதே என் அனுபவம். மண்டபத்துக் கரையில் நின்று கடலைப் பார்க்கும் உங்கள் கணவர் கடலையா பார்க்கிறார்? எந்தப் படகு திரும்பவில்லை, கச்சான் காற்று எப்போது விழும், மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் எத்தனை நாள், நேற்று நண்டு என்ன விலைக்குப் போனது, ஐஸ் வண்டி ஏன் வரவில்லை என்று நாற்பது ஆண்டுகளாகக் கணக்குத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடல் அவருக்குக் கடை. கடையில் உட்கார்ந்து யாரும் ஓய்வெடுப்பதில்லை. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனால் இரண்டாம் நாளே "இங்கே என்ன இருக்கிறது?" என்று கிளம்பிவிடுவார், ஏனென்றால் அங்கே அவர் கண்ணுக்குப் படிக்க எதுவும் இல்லை. கஸ்டாரா போன்ற ஊரில்தான் இரண்டும் சேர்ந்து வாய்க்கும். நடப்பது அத்தனையும் அவருக்குப் புரியும். ஆனால் அதில் எதற்கும் அவர் பொறுப்பாளி அல்லர். யார் படகு திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அன்றிரவு அவர் வீட்டுக் கணக்கு மாறப்போவதில்லை. அந்தக் கணக்கின்மையைத்தான் நான் ஓய்வு என்கிறேன்.

இதைக் கெடுத்துக்கொண்டவனும் நான்தான். மூன்றாம் நாள் காலையில் வாய் சும்மா இருக்காமல், கரையில் மீன் நிறுத்துக்கொண்டிருந்த பெண்மணியிடம் சூரை என்ன விலை என்று கேட்டுவிட்டேன். அவர் சொன்ன விலையை ரூபாயாக்கி, தொண்டி விலையோடு ஒப்பிட்டு, அன்று பகல் முழுவதும் மனத்துக்குள் ஏலம் விட்டுக்கொண்டே கழித்தேன். உங்கள் கணவரிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டு அழைத்துப்போங்கள்: முதல் ஐந்து நாள் மீன் விலை கேட்கக்கூடாது.

நாள் எப்படிப் போகும் என்றும் கேட்பீர்கள். விடியற்காலையில் படகுகள் கிளம்பும். கடற்கரையை ஒட்டி ஒரு மண் அடுப்பு இருக்கிறது. அதில் விறகு எரித்துச் சூடேற்றி ஊர்ப் பெண்கள் ரொட்டி சுடுவார்கள். அந்த நாளைத் தெரிந்துகொண்டு வாசனை வரும் நேரத்தில் போய் நிற்பது நல்லது. சூடு தணியுமுன் விற்றுத் தீர்ந்துவிடும். வெயில் ஏறியதும் எல்லோரும் நிழலுக்கு ஒதுங்குவார்கள். மரத்தடியில் நாலு பேர் கூடி, எந்த வேலையும் இல்லாமல், எதைப் பற்றியும் முடிவுக்கு வராமல் பேசிக்கொண்டிருப்பதற்கு அந்த நாட்டில் 'லைமிங்' என்று தனிப் பெயரே உண்டு. நம் திண்ணைகளை இடித்துவிட்டு வாகனம் நிறுத்தும் இடமாக்கிய பிறகு நமக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. உங்கள் மகன் காலை ஒரு தீவு, மாலை ஒரு அருவி என்று பட்டியல் போட்டிருந்தால், பவளப்பாறைக்குப் படகில் போகும் ஒரு நாளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

எச்சரிக்கையாகச் சிலவற்றைச் சொல்லவேண்டும். பிப்ரவரி அங்கே மழையில்லாத காலம்தான். ஆனால் டிசம்பர் முதல் மார்ச் வரை வட அட்லாண்டிக்கில் எங்கோ வீசும் புயலின் அலை, உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் அந்தக் கரையை வந்து அடிக்கும். நம் கரைக்குக் கள்ளக்கடல் என்று எச்சரிக்கை விடுகிறார்களே, அதற்கு உடன்பிறந்தது அது. மீனவர்கள் படகை மேலே இழுத்துக் கட்டியிருக்கும் நாளில் நீங்களும் தண்ணீரில் இறங்கவேண்டாம். மஞ்சினீல் என்று ஒரு மரம் கரீபியன் கரைகளில் வளர்கிறது. அதன் காய் சிறிய பச்சை ஆப்பிள் போல இருக்கும். காயும் பாலும் கடும் நஞ்சு, மழை நேரத்தில் அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைக் கொப்பளிக்க வைத்துவிடும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்பு வண்ணம் பூசி அடையாளம் காட்டியிருப்பார்கள். தெரியாத மரத்தின் காயைப் பொறுக்கக்கூடாது என்று நம் பாட்டிகள் சொன்ன விதியே போதும். அந்தி நேரத்தில் கடிக்கும் மணல் ஈக்களுக்குக் கை கால் மூடிய உடை நல்லது.

இன்னொன்று: சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் அந்த நாட்டில் கார்னிவல் திருவிழா. அந்த வாரத்தில் விமானத்திலும் அறையிலும் இடம் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை கூடுதல். தேதியைப் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அந்தத் தீவுக்கு விசா வேண்டுமா? ஊசி போடவேண்டுமா? ஹலால் உணவு கிடைக்குமா?
— கீழக்கரை வாசகர்

பதில்: டிரினிடாட்-டொபாகோ நாட்டுக்குச் சுற்றுலாவாகச் செல்லும் இந்தியருக்கு முன்கூட்டியே விசா தேவையில்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால் பணம் கட்டுமுன் அந்நாட்டுத் தூதரகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் வேறு. நம் நாட்டிலிருந்து நேரடி விமானம் இல்லாததால் லண்டன் வழியாகவோ அமெரிக்கா வழியாகவோ போகவேண்டியிருக்கும். அந்த நாடுகள் விமானம் மாறுவதற்கே விசா கேட்கும். போகும் ஊருக்கு விசா வேண்டாம் என்று நம்பிச் சீட்டு வாங்கிவிட்டு, வழியில் இருக்கும் ஊருக்கு விசா இல்லாமல் சென்னை விமான நிலையத்திலேயே நின்றுவிட்டவர் ஒருவரை நான் அறிவேன்.

ஊசி விஷயத்தில் அசட்டை கூடாது. டிரினிடாட் தீவு மஞ்சள் காய்ச்சல் பகுதியாகக் கருதப்படுகிறது, டொபாகோ அப்படியல்ல. ஆயினும் டொபாகோ போகிறவர் பெரும்பாலும் டிரினிடாடில் இறங்கித்தான் சிறு விமானத்திலோ கப்பலிலோ மாறுகிறார். டிரினிடாடில் தங்கிவிட்டு இந்தியா திரும்புகிறவரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. பத்து நாள் ஓய்வுக்குப் போய்விட்டு ஆறு நாள் அடைபட்டுக் கிடப்பதில் என்ன பயன்? ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் இதைப் போடுகிறார்கள். அறுபது வயதைக் கடந்தவர்களும் முட்டை ஒவ்வாதவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்கவேண்டும்.

உணவுக்குக் கவலை வேண்டாம். 1845ஆம் ஆண்டு மே 30 அன்று முதல் கப்பலில் வந்திறங்கிய இந்தியக் கூலித் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் டிரினிடாடில் பெருந்தொகையினர். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு, நோன்புப் பெருநாள் அங்கே அரசு விடுமுறை. டிரினிடாடில் ஹலால் கோழி எளிதாகக் கிடைக்கும். டொபாகோவின் சிறு கிராமத்தில் கேட்டுத்தான் வாங்கவேண்டும், அல்லது மீனோடு நிறுத்திக்கொள்ளலாம். நண்டுக் கறியை மாவு உருண்டைகளோடு பரிமாறுவது டொபாகோவின் பெயர்பெற்ற உணவு. உடையில் ஒரு விதி: இராணுவச் சீருடை போன்ற பச்சைத் திட்டுத்திட்டான துணியை அங்கே பொதுமக்கள் உடுத்துவது சட்டப்படி குற்றம். பேரப்பிள்ளைகளின் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் பாசி எடுக்கும் பெண்கள். கரீபியன் கரைகளில் கட்டக்கோரைப் பாசி மலைபோல ஒதுங்கி, நாற்றம் தாங்காமல் சுற்றுலாப் பயணிகள் ஓடுகிறார்கள் என்று தொலைக்காட்சியில் பார்த்தோம். நாங்கள் மூச்சடக்கி எடுப்பது அங்கே சும்மா கிடக்கிறதே, அதை ஏன் விற்கவில்லை? அந்த நாற்றத்தில் எப்படி ஓய்வெடுப்பது?
— பாம்பன் சின்னப்பாலம் வாசகி

பதில்: இந்தக் கேள்வியை உங்களைப் போன்றவர்கள்தான் கேட்க முடியும். நீங்கள் எடுக்கும் கட்டக்கோரை பாறையைப் பற்றி வளர்வது. அங்கே ஒதுங்குவது அதே சர்காசம் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும், எதையும் பற்றாமல் நடுக்கடலில் மிதந்தபடியே பெருகும் வகை. 2011ஆம் ஆண்டிலிருந்துதான் அது பெரும் திரளாகக் கரீபியன் கரைகளுக்கு வரத் தொடங்கியது. கரையில் குவிந்து அழுகும்போது அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு கிளம்பி, தலைவலியும் மூச்சுத் தொல்லையும் தருகிறது.

விற்பதற்கு முயலாமல் இல்லை. உரமாகவும் செங்கல்லாகவும் எரிவாயுவாகவும் மாற்றிப் பார்க்கிறார்கள். ஆனால் அதில் ஆர்செனிக் தங்கியிருப்பதால் தீவனத்துக்கும் காய்கறி உரத்துக்கும் தயங்கவேண்டியிருக்கிறது. மேலும் மணலும் குப்பையும் கலந்து, ஒரு வாரம் குவிந்து மறு வாரம் காணாமல் போகும் சரக்கை நம்பி எந்த ஆலை ஓடும்? நீங்கள் தரம் பார்த்துப் பிரித்து உலர்த்திக் கொடுக்கும் பாசிக்கும் அதற்கும் அதுதான் வேறுபாடு.

ஓய்வுக்குப் போகிறவர் செய்யக்கூடியது எளிது. மிதக்கும் பாசி அட்லாண்டிக்கைப் பார்த்த கிழக்குக் கரைகளில்தான் அதிகம் ஒதுங்கும், காற்றுக்கு மறைவான மேற்குப் பக்க விரிகுடாக்களில் குறைவு. வரத்து பெரும்பாலும் மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் கூடும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் வேறு. டொபாகோ புயல் பாதையின் தெற்கு விளிம்பில் இருப்பதால் அடி வாங்குவது அரிது என்றாலும், வடக்கே இருக்கும் தீவுகளின் கதை அப்படியல்ல. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கு தீவைத் தரைமட்டமாக்கியது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்கு நேர்ந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

கேள்வி: கரீபியன் தீவு ஒன்றில் 'கொலம்போ' என்று ஒரு குழம்பு விற்கிறார்களாம். இலங்கைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?
— தொண்டி வாசகர்

பதில்: குவாதலூப், மார்த்தினிக் என்ற பிரெஞ்சுத் தீவுகளில் கிடைக்கும் உணவு அது. பெயர் கொழும்பிலிருந்து வரவில்லை, 'குழம்பு' என்ற நம் சொல்லே பிரெஞ்சு நாவில் அப்படித் திரிந்தது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் விளக்கம். 1850களில் தொடங்கிப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட தமிழர்கள் கொண்டுபோனது. மாரியம்மன் அங்கே 'மாலியெமின்' ஆகியிருக்கிறாள், மதுரை வீரன் 'மால்தெவிலின்' ஆகியிருக்கிறார். மொழி போய்விட்டது, தெய்வமும் குழம்பும் மிஞ்சின. ஓய்வுக்கு இந்தத் தீவுகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் பிரெஞ்சுக் கடல்கடந்த பகுதிகளுக்கென்றே செல்லும் விசா வாங்கவேண்டும், ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் சும்மா இருக்கின்றன. கரீபியன் கிராமம் போல நம் இராமேசுவரம் தீவிலும் வெளியூர்க்காரர்களைத் தங்கவைத்துப் பிழைக்க முடியாதா? ஓலைக்குடை, வண்ண விளக்கெல்லாம் வைக்க நண்பர்கள் யோசனை சொல்கிறார்கள்.
— தங்கச்சிமடம் வாசகர்

பதில்: முடியும் தம்பி. ஆனால் ஓலைக்குடையை முதலில் மறந்துவிடுங்கள். கஸ்டாராவில் தங்கியவனுக்கு நினைவில் நிற்பது, தான் தங்கிய வீட்டுக்குக் கீழேயே வீட்டுக்காரர் குடியிருந்ததும், ரொட்டியும் மீனும் அந்த ஊரிலேயே வாங்கியதும்தான். அங்கே பெரும்பாலும் சிறு விருந்தினர் இல்லங்களே இருக்கின்றன. அதனால் வருகிற காசு ஊருக்குள்ளேயே நான்கு கை மாறுகிறது.

நம் தீவின் சிக்கல் வேறு. இங்கே வருகிறவர் ஓய்வுக்கு வருவதில்லை. இருபத்திரண்டு தீர்த்தமாடி, தனுஷ்கோடியில் படம் எடுத்து, அன்றிரவே ரயிலேறுகிறார். அவருக்கு உங்கள் மாடி தேவைப்படாது. மூன்று நாள் தங்கிச் சும்மா இருக்க நினைக்கும் குடும்பத்தைத்தான் நீங்கள் தேடவேண்டும். அவர்களுக்குக் கொடுக்க உங்களிடம் கஸ்டாராக்காரனிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: இரண்டு கடல். கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் குளம் போலக் கிடக்கும். வாடை தொடங்கியதும் அது தலைகீழாகும். எந்த மாதம் விருந்தாளி வந்தாலும் அமைதியான ஒரு கரைக்கு அவரை நடத்திக்கொண்டுபோக முடிகிற ஊர்கள் உலகத்தில் அதிகமில்லை. இதை உங்கள் விளம்பரத்தின் முதல் வரியாக எழுதுங்கள்.

சுற்றுலாத் துறையில் பதிவு செய்யாமல் தொடங்காதீர்கள். கடலோர ஒழுங்குமுறை விதிகளின்படி வீட்டின் அடித்தளப் பரப்பையும் முகப்பையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்கவைப்பதே பாதுகாப்பானது. ஆகவே பால்கனி நீட்டும் ஆசை வேண்டாம். மீன்பிடிப் படகில் விருந்தாளியை ஏற்றிக்கொண்டு தீவுகளுக்குப் போகும் ஆசை அதைவிட ஆபத்தானது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதியின்றிக் கால் வைக்க முடியாது. படகு ஆசை உள்ளவர்களைக் காரங்காட்டுக்கு அனுப்புங்கள். அங்கே வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் முறையாகப் படகு விடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கழிப்பறையும் தண்ணீரும். உப்புத் தண்ணீரில் குளித்துவிட்டு உப்புத் தண்ணீரிலேயே தலையை அலச யாரும் இரண்டாம் முறை வரமாட்டார்கள். விளக்குக்கு வைத்திருக்கும் பணத்தை நல்ல தண்ணீர்த் தொட்டிக்குச் செலவிடுங்கள். விடியற்காலை மீன் இறங்கும் இடத்துக்கு விருந்தாளியை அழைத்துப்போங்கள், ஆனால் அங்கே வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்க விடாதீர்கள். பருவத்தில் பதநீர், நுங்கு கொடுங்கள். சமைப்பவர் உங்கள் அம்மா என்றால் சாப்பாட்டுக்கு வரும் பணம் அவர் கையில்தான் போகவேண்டும். இதைச் சட்டம் கேட்காது, நான் கேட்கிறேன்.

கேள்வி: கரீபியன் பயணத்துக்குக் கருவாடு எடுத்துப்போகலாமா? திரும்பும்போது அங்கிருந்து சங்கு வாங்கி வரலாமா?
— மூக்கையூர் வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். அங்கே விற்கும் பெரிய இளஞ்சிவப்புச் சங்கு பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள உயிரினம். உரிய அனுமதித் தாள் இல்லாமல் பெட்டியில் வைத்தால் சுங்கத்தில் பதில் சொல்லவேண்டிவரும். பவளத்துக்கும் அதே விதி. சங்குக்குப் பெயர்போன கரையிலிருந்து போகிறவர் சங்கு வாங்கி வருவானேன்? கொக்கோவும், மூடியை இறுகக் கட்டிய ஒரு புட்டி மிளகாய்ச் சாறும் வாங்கி வாருங்கள். புட்டியைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

கருவாட்டை அங்குள்ள சுங்கத்தார் எடுத்துவிட்டால் மனம் வருந்தும், வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அங்கே அவர்களுக்கென்று ஒரு கருவாடு இருக்கிறது. அடிமைகளுக்கு மலிவான உணவாகக் கனடாக் கரையிலிருந்து கப்பல் கப்பலாக வந்த உப்பிட்ட காட் மீன், அடிமை முறை ஒழிந்து இரண்டு நூற்றாண்டு ஆகப்போகும் இன்றும் காலை உணவில் தங்கிவிட்டது. அதை ஊறவைத்து உப்பை வடித்து, உதிர்த்து, வெங்காயமும் தக்காளியும் பச்சை மிளகாயும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். 'புல்ஜால்' என்று கேளுங்கள். நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கியபோது, எங்கள் ஊரிலும் இது உண்டு, நாங்கள் பழைய கஞ்சியோடு சாப்பிடுவோம் என்று சொன்னேன். அந்த அம்மா நம்பவில்லை.